மனச்சோர்வுக்கு எங்கே போவது, எதைக் கேட்டு வாங்குவது: தமிழ்நாட்டில் கிடைக்கும் சிகிச்சைகள் பற்றி ஒரு மதிப்புரை

மனச்சோர்வுக்கு என்று முதல்முறை மருத்துவரைப் பார்த்துத் திரும்பியவரின் மாத்திரை அட்டையைக் கொஞ்சம் திருப்பிப் பாருங்கள். வெள்ளித்தாளில் பொடி எழுத்தில் பல நேரம் இரண்டு மருந்துப் பெயர்கள் இருக்கும்: எஸ்சிடலோபிராம் 10 மி.கி., குளோனாசெபம் 0.5 மி.கி. ஒரே மாத்திரைக்குள் இரண்டும். மனச்சோர்வுக்கான மருந்து முதலாவதுதான். அது வேலை காட்ட இரண்டு முதல் நான்கு வாரம் பிடிக்கும். இரண்டாவது பதற்றத்தை அடக்கித் தூங்கவைக்கும் மருந்து. அன்றிரவே வேலை செய்யும். "ஒரே நாள்ல நல்லா தூங்கினேன், மாத்திரை கேட்குது" என்று நோயாளி சொல்வது இந்த இரண்டாவதை வைத்துத்தான்.

முதல் இரண்டு மூன்று வாரத்துக்கு இது ஒத்தாசையாகவே இருக்கும். வம்பு அதற்குப் பிறகு தொடங்குகிறது. மனச்சோர்வு மருந்தைக் கூட்ட வேண்டி வந்தால் தூக்க மருந்தும் சேர்ந்து கூடுகிறது. மாதக்கணக்கில் போனால் உடம்பு குளோனாசெபத்துக்குப் பழகிவிடுகிறது. வெளியூர் போன இடத்தில் மாத்திரை தீர்ந்து சில நாள் விட்டால் கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும், தூக்கம் போய்விடும். நோய்தான் திரும்பிவிட்டது என்று பயந்து வருடக்கணக்கில் அதையே விழுங்குகிறார்கள். வயதானவர்கள் நடுராத்திரி பாத்ரூம் போக எழுந்து தடுமாறி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொள்வதற்கும் இந்த வகை மருந்து ஒரு காரணம். கடையில் கிடைக்கும் மனச்சோர்வு மருந்துகளில் இந்தக் கூட்டு மாத்திரைக்குத்தான் எங்கள் மிகக் குறைந்த மதிப்பெண். மருத்துவரிடம் கேட்க வேண்டியது இவ்வளவுதான்: "டாக்டர், ரெண்டையும் தனித்தனியா எழுதிக் கொடுங்க. தூக்க மாத்திரையை எப்ப, எப்படிக் குறைக்கணும்னு சீட்டுலயே போட்டுடுங்க." ஏற்கனவே பல மாதம் சாப்பிட்டவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. அதைப் படிப்படியாகத்தான் இறக்க வேண்டும்.

மனச்சோர்வுக்கு நல்ல மருந்துகளும் பேச்சு சிகிச்சைகளும் இருக்கின்றன. பெரும்பாலானவை அரசு மருத்துவமனையிலேயே கிடைக்கின்றன. ஆளுக்குப் பொருந்தாத மருந்தைத் தொடங்குவதாலும், பொருந்தியதைப் பாதியில் விடுவதாலும்தான் சிகிச்சை தோற்கிறது. அந்தக் கண்ணோடுதான் ஒவ்வொன்றையும் பார்க்கிறோம்.

முதலில் அளவு

பிஎச்க்யூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாள் தமிழிலும் இருக்கிறது, இலவசம். கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 நடுத்தரம், 15 முதல் 19 நடுத்தரத்தைத் தாண்டியது, 20ம் அதற்கு மேலும் கடுமையானது. லேசானதற்கு மாத்திரையை முதலில் எடுக்க வேண்டியதில்லை. பேச்சு சிகிச்சையும் அன்றாட ஒழுங்கும் போதும். நடுத்தரத்துக்கு இரண்டில் எதுவும் பொருந்தும், நோயாளியின் விருப்பம்தான் தீர்மானிக்க வேண்டும். அதற்கு மேல் போனால் மருந்தும் பேச்சும் சேர்ந்தே வேண்டும்.

தாளில் ஒரு குறை உண்டு. நம் ஊரில் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வழியாகத்தான் பேசும்: தலைபாரம், நெஞ்சடைப்பு, உடம்பெரிச்சல், தீராத அசதி. "ஆர்வக்குறைவு" என்று கேட்டால் "அப்படியெல்லாம் இல்லீங்க" என்பார்கள். "முன்ன ஆசையா செஞ்ச வேலையை இப்ப தொடவே பிடிக்கலையா?" என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். தாளை நிரப்பும்போது பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது. மாமியாரோ கணவரோ சத்தமாக வாசித்துக் கேட்டால் ஒன்பதாவது கேள்விக்கு உண்மையான பதில் வரவே வராது. செத்துவிடலாம் என்ற எண்ணம் வருகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. அதற்குப் பதில் 'ஆம்' என்றால் மொத்த எண் எவ்வளவு குறைவாக இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

அடுத்தது இரத்தப் பரிசோதனை. தைராய்டு குறைபாடும் இரத்தசோகையும் அச்சு அசலாக மனச்சோர்வு போலவே இருக்கும். டிஎஸ்எச் (தைராய்டு பரிசோதனை), ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றும் பார்க்காமல் மாத்திரை தொடங்குவது சரியல்ல. சைவ உணவுக்காரர்கள், பல வருடமாக மெட்ஃபார்மின் சாப்பிடும் சர்க்கரை நோயாளிகள் ஆகியோருக்கு வைட்டமின் பி12 அளவும் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரை, முகப்பருவுக்கான ஐசோட்ரெடினாயின், தினசரிக் குடி மூன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். குடி தொடரும்வரை எந்த மருந்தும் ஒழுங்காகக் கேட்காது.

பலரும் கேட்கத் தவறும் கேள்வி ஒன்று இருக்கிறது. வாழ்க்கையில் எப்போதாவது நாலு நாளோ ஒரு வாரமோ, தூக்கமே இல்லாமல், அதனால் களைப்பும் இல்லாமல், வாய் ஓயாமல் பேசி, கையில் இல்லாத பணத்தைக் கடன் வாங்கிச் செலவழித்து, உலகத்தையே வாங்கிவிடலாம் என்று திரிந்ததுண்டா? உண்டென்றால் அது இப்படிப்பட்ட உச்சமும் மனச்சோர்வும் மாறிமாறி வரும் இருமுனைக் கோளாறாக இருக்கலாம். அங்கே எஸ்சிடலோபிராம் போன்றதை மட்டும் தனியாகக் கொடுத்தால் நோயாளி மறுபடி அந்த உச்சத்துக்கே தூக்கியெறியப்படலாம். அவர்களுக்கு உரியவை க்வெட்டியபின், லித்தியம், லாமோட்ரிஜின் போன்றவை. லித்தியம் எடுப்பவர் இரத்தத்தில் அதன் அளவை அவ்வப்போது பார்க்க வேண்டும். சித்திரை வெயிலில் வியர்த்துத் தண்ணீர் வற்றினாலும், மூட்டுவலிக்கு டைக்ளோஃபினாக் போட்டாலும் அளவு ஆபத்தாக ஏறிவிடும். அப்படி ஒரு உச்சம் வந்ததுண்டா என்ற கேள்வியை நோயாளியைவிடக் கூட வந்த அண்ணனிடமோ மனைவியிடமோ கேட்பது மேல்.

எங்கே போவது

14416. மத்திய அரசின் டெலி மானஸ் சேவை, 2022 அக்டோபர் 10 முதல் இயங்குகிறது. 24 மணி நேரமும் எடுப்பார்கள், இலவசம், தமிழில் பேசலாம். பயிற்சி பெற்ற ஆலோசகர் முதலில் பேசுவார். தேவைப்பட்டால் மனநல மருத்துவருக்கோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கோ வழி சொல்வார். இரவு இரண்டு மணிக்குத் தவிக்கும் ஒருவருக்கும், எங்கே போவதென்றே தெரியாத குடும்பத்துக்கும் இது நல்ல முதல் படி. முழு சிகிச்சையை இதிலேயே முடித்துவிட நினைக்கக் கூடாது. அடுத்த அழைப்பில் அதே குரல் கிடைக்கும் என்று நம்பி இருக்க முடியாது. சென்னையில் 1986 முதல் இயங்கும் சினேகா அமைப்பின் எண் 044-24640050. தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரை அறிவுரை சொல்லாமல் கேட்பதுதான் அவர்கள் வேலை.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தில் தாலுகா மருத்துவமனைகளுக்குக் குறிப்பிட்ட கிழமைகளில் குழு வருகிறது. கிழமையை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் கூலி வீண். சென்னைக் கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகம் 1794இல் தொடங்கிய நிறுவனம். அங்கே போனால் 'பைத்தியம்' என்ற பேர் வந்துவிடும் என்று பயந்து வராதவர்கள் இன்னும் இருப்பது வருத்தமான விஷயம். அரசு மருத்துவமனையின் பலம் மருத்துவரின் அனுபவமும் இலவச மருந்தும். பலவீனம் நேரம். கூட்டத்தில் சில நிமிடம்தான் கிடைக்கும், மருத்துவரும் மாறிக்கொண்டிருப்பார். அதற்கு ஒரே வழி, பேச்சை வீட்டிலேயே எழுதிக்கொண்டு போவது. எப்போது தொடங்கியது, தூக்கம் எத்தனை மணி நேரம், எடை எவ்வளவு குறைந்தது, வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறார், குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா, அவருக்கு எந்த மருந்து கேட்டது. ஆறு வரி போதும். இன்னொன்று: அடுத்த மாதம் மாத்திரையின் நிறமும் வடிவமும் மாறியிருக்கலாம். கம்பெனிதான் மாறியிருக்கும், மருந்து அதுவே. பயந்து குப்பையில் போடாமல் அட்டையில் மருந்துப் பெயரை வாசித்துப் பாருங்கள்.

தனியார் மனநல மருத்துவரிடம் ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பார் என்பது பெரிய வசதி. நடுத்தர மனச்சோர்வுக்கு முதல் சந்திப்பிலேயே நான்கைந்து மாத்திரை எழுதினால், ஒவ்வொன்றும் எதற்கு என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. விலை கட்டுப்படியாகாவிட்டால் நிறுத்திவிடாதீர்கள்; மக்கள் மருந்தகத்திலும், 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகங்களிலும் மருந்தின் மூலப்பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

'கவுன்சலிங்' பலகை மாட்டியவர்கள் எல்லாரும் ஒன்றல்ல. மருத்துவ உளவியலாளர் என்றால் அதற்கென்று அங்கீகரிக்கப்பட்ட படிப்பை முடித்து இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவெண் பெற்றிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டால் தயங்காமல் காட்டுவார். அவர் மாத்திரை எழுத முடியாது. ஒரே உட்காரலில் குணமாக்குகிறேன் என்பவர், மாத்திரையை எல்லாம் தூக்கிப் போடச் சொல்பவர், "கல்யாணம் பண்ணி வைங்க, சரியாயிடும்" என்பவர் இவர்களிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள். செயலி வழி ஆலோசனை லேசான, நடுத்தர நிலைக்குச் சரி. ஒன்பதாவது கேள்விக்கு 'ஆம்' என்றவருக்கு அது போதாது.

பேச்சு சிகிச்சையில் நாங்கள் முதலிடம் கொடுப்பது

செயலூக்க சிகிச்சை. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்யத் தொடங்கினால் மனசு பின்னால் வரும் என்பதுதான் இதன் அடிப்படை. கோவாவில் சங்கத் அமைப்பு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை நடத்திப் பார்த்தது. மனநலப் பட்டம் இல்லாத சாதாரண ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்து, ஒரு நோயாளிக்கு 6 முதல் 8 அமர்வுகள். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இதையும் சேர்த்துப் பெற்றவர்கள் நன்றாகத் தேறினார்கள் என்ற முடிவு 2017இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியானது. நிபுணர்கள் குறைவான நம் மாவட்டங்களுக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நாங்கள் பார்க்கவில்லை.

செய்முறை எளிது. ஒரு வாரத்துக்கு மணிவாரியாகக் கட்டம் போட்ட தாளில் என்ன செய்தார், அப்போது மனநிலை 10க்கு எத்தனை என்று எழுத வேண்டும். இரண்டாம் வாரம் அதில் இரண்டு சின்ன வேலைகளைச் சேர்க்க வேண்டும். 'காலையில் நடைப்பயிற்சி' என்று எழுதினால் நடக்காது. 'காலை 6.30க்கு எழுந்து, செருப்பு மாட்டி, முக்குக் கடை வரை போய்ப் பால் பாக்கெட் வாங்கி வருவது' என்று எழுத வேண்டும். அது மூன்று நாள் நடந்தால் போதும், ஏழு நாளும் நடக்க வேண்டியதில்லை. இந்தச் சிகிச்சை தோற்கும் இடங்களில் பெரும்பாலும் முதல் வேலையே பெரிதாக இருக்கும்: ஜிம், யோகா வகுப்பு, உறவுக்காரர் கல்யாணம். அதைச் செய்ய முடியாமல் போனதும் 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற எண்ணத்துக்கு இன்னொரு சாட்சி சேர்ந்துவிடுகிறது.

மாத்திரை: ஆளைப் பார்த்து மருந்து

மனச்சோர்வு மருந்துகளுக்குள் பலத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பக்கவிளைவு யாருக்கு எது ஒத்துவரும் என்பதை வைத்துத்தான் தேர்வு. முதல் மருந்திலேயே முழுதும் தேறுபவர்கள் மூன்றில் ஒருவர் அளவில்தான் என்று அமெரிக்காவின் ஸ்டார்-டி ஆய்வு 2006இல் காட்டியது. இரண்டாவது மருந்துக்கு மாறுவது தோல்வியாகாது.

இளவயது, வேறு நோய் இல்லை என்றால் எஸ்சிடலோபிராம் அல்லது செர்ட்ராலின். எஸ்சிடலோபிராம் 5 அல்லது 10 மி.கி.யில் தொடங்கி 20 வரை போகலாம். வயதானவர்களுக்கு 10தான் எல்லை, அதற்கு மேல் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைக் குழப்பும். செர்ட்ராலின் 25 அல்லது 50இல் தொடங்கி 200 வரை. மாரடைப்பு வந்தவர்களுக்கும் தாய்ப்பால் கொடுப்பவர்களுக்கும் செர்ட்ராலின்தான் எங்கள் முதல் தேர்வு. தொடக்கத்தில் கொஞ்சம் வயிற்றுப்போக்கு வரும். 18 வயதுக்குக் கீழ் என்றால் ஃப்ளூவாக்செட்டின். 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு எந்த மருந்து தொடங்கினாலும் முதல் சில வாரம் அமைதியின்மையும் தற்கொலை எண்ணமும் கூடுகிறதா என்று வீட்டார் கவனிக்க வேண்டும்.

எடை இறங்கி, தூக்கமும் பசியும் போனவருக்கு மிர்டாசபின் 7.5 அல்லது 15 மி.கி. இரவில். தனியாகத் தூக்க மாத்திரை தேவைப்படாது. ஏற்கனவே குண்டாக, சர்க்கரையோடு இருப்பவருக்கு இது வேண்டாம், எடை ஏறும். சர்க்கரையால் கால் எரிச்சலும் சேர்ந்து இருந்தால் டுலாக்செட்டின் இரண்டுக்கும் வேலை செய்யும். வென்லாஃபாக்சின் எடுப்பவர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மார்பகப் புற்றுக்கு டமாக்சிஃபென் எடுப்பவருக்கு ஃப்ளூவாக்செட்டினும் பராக்செட்டினும் கூடாது. அந்த மருந்தின் வேலையைக் குறைத்துவிடும். அமிட்ரிப்டிலின் பழைய, மலிவான, வேலை செய்யும் மருந்து. ஆனால் வாய் உலரும், மலம் கட்டும், அளவு மீறினால் இதயத்தைத் தாக்கும். தற்கொலை எண்ணம் உள்ளவர் வீட்டில் அது மொத்தமாக இருக்கக் கூடாது. எந்த மாத்திரையானாலும் ஒரு வாரத்துக்கானதை மட்டும் வாங்கி, வீட்டில் ஒருவர் பொறுப்பில் வைத்துக் கொடுப்பது நல்லது.

அறுபதைத் தாண்டியவர்களில் அடிக்கடி தவறவிடப்படுவது சோடியம் குறைவு. பிரஷருக்கு நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிடும் பாட்டிக்கு எஸ்சிடலோபிராம் தொடங்கிய இரண்டு மூன்று வாரத்தில் தடுமாற்றம், அதிக உறக்கம், பேச்சுக் குழறல் வந்தால் 'வயசாச்சு' என்று விடாதீர்கள். இரண்டாம் வாரம் ஒருமுறை சோடியம் பார்த்தாலே பிடிபட்டுவிடும். ஆஸ்பிரினோ வலி மாத்திரையோ கூட எடுப்பவருக்கு வயிற்றில் இரத்தக்கசிவு வாய்ப்பு கூடும். மலம் கறுத்துப் போனால் உடனே சொல்ல வேண்டும். டிரமடால் என்ற வலி மருந்தையும் இவற்றோடு சேர்க்கக் கூடாது.

முதல் வாரத்துக் குமட்டலும் தலைவலியும் சாப்பிட்ட பிறகு மாத்திரை போட்டால் பெரும்பாலும் அடங்கும். இதைச் சொல்லி அனுப்பாததால் 'சூடு பண்ணுது' என்று ஐந்தாம் நாளே விட்டவர்கள் ஏராளம். தாம்பத்திய உறவில் ஆர்வம் குறைவது, உச்சம் தள்ளிப்போவது இன்னொரு பக்கவிளைவு. இதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, மௌனமாக மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருத்துவரிடம் சொன்னால் மிர்டாசபினுக்கோ புப்ரோபியானுக்கோ மாற்ற முடியும். புப்ரோபியான் வலிப்பு உள்ளவர்களுக்கு ஆகாது.

நான்கு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டும் பிஎச்க்யூ எண் அசையவில்லை என்றால் டோஸைக் கூட்டவோ மாற்றவோ கேளுங்கள். 5 மி.கி.யில் தொடங்கி ஆறு மாதமாக அதே 5 மி.கி.யில் நிற்பதை 'மருந்து கேட்கவில்லை' என்று சொல்ல முடியாது.

மின்சிகிச்சை

'கரண்ட் வைக்கிறது' என்ற பேச்சால் கெட்ட பெயர் எடுத்த, ஆனால் உயிர் காக்கும் சிகிச்சை. சாப்பிடாமல் தண்ணீர்கூடக் குடிக்காமல் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கும், காதில் குரல் கேட்கும் அளவு முற்றியவருக்கும், சாகத் துடிப்பவருக்கும் மாத்திரை வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லை. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மயக்க மருந்தும் தசை தளர்த்தியும் இல்லாமல் இதைச் செய்யக் கூடாது. முந்தின இரவிலிருந்து வெறும் வயிறு. தூங்கவைத்த பிறகு தலையில் சிறிது மின்சாரம் செலுத்தினால் ஒரு நிமிடத்துக்குள் அடங்கும் வலிப்பு வரும். உடம்பு பெரிதாகத் துள்ளாது. வாரம் 2 அல்லது 3 முறை, மொத்தம் 6 முதல் 12. அந்த வாரங்களின் நினைவுகள் மங்கும், சிலருக்கு அதற்கு முந்தைய மாதங்களிலும் ஓட்டை விழும். இதைச் சொல்லாமல் கையெழுத்து வாங்குவது தவறு. முடிந்ததும் மாத்திரை தொடராவிட்டால் சில மாதத்தில் நோய் திரும்பும் வாய்ப்பு அதிகம். தலைக்கு வெளியே காந்தத்தை வைத்து மூளையைத் தூண்டும் காந்தத் தூண்டல் சிகிச்சை வாரம் ஐந்து நாள், நான்கு முதல் ஆறு வாரம் நடக்கும். சரியான டோஸில் இரண்டு மருந்தாவது கேட்காமல் போனவர்களுக்கு அது பொருந்தும்; முதல் சந்திப்பிலேயே 'பேக்கேஜ்' விற்றால் வேண்டாம்.

தற்கொலைக்கு முயன்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று வீட்டிலேயே வைத்திருப்பவர்கள் உண்டு. அதே சட்டத்தின் 115ஆம் பிரிவு, அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதித் தண்டிக்கக் கூடாது என்கிறது. தாமதிக்காமல் கொண்டுபோங்கள்.

நிறுத்துவது

நன்றாகிவிட்டது என்று தோன்றிய நாளிலிருந்து குறைந்தது ஆறு மாதம் அதே டோஸில் தொடர வேண்டும். பலமுறை வந்தவர்களுக்கு இரண்டு வருடம். பிறகு வாரக்கணக்கில் இறக்க வேண்டும். திடீரென்று விட்டால் சில நாளில் தலைசுற்றலும், மண்டைக்குள் கரண்ட் அடிப்பது போன்ற உணர்வும் வரும். பராக்செட்டினிலும் வென்லாஃபாக்சினிலும் அதிகம், ஃப்ளூவாக்செட்டினில் குறைவு. நிறுத்திய சில நாளிலேயே வந்தால் பெரும்பாலும் மருந்து விட்டதன் விளைவு. வாரங்கள் கழித்து மெல்ல மெல்லத் தூக்கமும் ஆர்வமும் போனால் நோய் திரும்புகிறது. நிறுத்திய மூன்றாவது மாதமும் ஆறாவது மாதமும் அந்த ஒன்பது கேள்வியைத் தனியாக உட்கார்ந்து மறுபடி நிரப்புங்கள். எண் 10ஐத் தொட்டால் பழைய சீட்டை எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மருந்து எந்த டோஸில் கேட்டது என்று அதில் இருக்கும். மருத்துவர் இரண்டாம் முறை தொடங்குவது அங்கிருந்துதான்.